புளி தட்டிய கைக்கும் கூலி எழுதுங்கள்

தருமபுரி மாவட்டத்துக் கிராமத்தில் வளர்ந்த பெண்ணுக்குப் புளி தட்டத் தெரியாமல் இருக்காது. தை பிறந்துவிட்டால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கமெல்லாம் மரம் உலுக்க ஆரம்பித்துவிடுவார்கள். சித்திரை முடிகிற வரைக்கும் வாசல், திண்ணை, களம் என்று எங்கே பார்த்தாலும் புளிதான். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் புளி குளிர்பதனக் கிடங்குக்குப் போய், விலை ஏறிய பிறகு வெளியே வரும். ஏறிய விலையில் தட்டியவளுக்குப் பங்கு கிடையாது. என் அம்மாவும் அப்படித்தான் தட்டினார், நானும் தட்டியிருக்கிறேன்.

தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியதும் இதே மாவட்டத்தில்தான். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கே முதல் குழுக்களை அமைத்தது. அப்புறம் சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று போய், 1997-98இல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் வந்தது. நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வைத்து, குழுக்களுக்கு வங்கியிலிருந்து நேரடியாகக் கடன் தரும் வங்கி இணைப்பைச் சோதித்துப் பார்த்த 1992ஆம் ஆண்டுக்கு முன்பே எங்கள் பக்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நான் குழுவில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்து, குழுவை வழிநடத்துகிற ஊக்குநராக இருந்து, இப்போது எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்குப் பார்க்கிறேன். சேமிப்பும் கடனுமாக இருந்த ஒரு குழு, புளியைத் தானே வாங்கித் தானே விற்கிற இடத்துக்கு வந்தபோது என்னென்ன பார்த்தோம் என்பதை எழுதுகிறேன். புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கிற குழுக்களுக்கு இதில் சில விஷயமாவது உதவும்.

முதலில் கணக்கு நோட்டு. குழு என்றால் பலருக்கும் லோன்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஒரு குழு நிலைக்குமா உடையுமா என்பதை நான் அதன் நோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ் புத்தகம். இவை அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்து நாள் கழித்து ஊக்குநர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற நோட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப முடியாது. பயிற்சியில் ஐந்து விதிகள் சொல்லித் தருவார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் கொடுத்தல், தவணை தவறாமை, சரியான கணக்கு. ஐந்தாவது இல்லாவிட்டால் முதல் நான்கும் நடக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் முடிவதற்கு முன், வந்த பணத்தை நடுவில் பாயின் மேல் கொட்டி எண்ணுவோம். எண்ணுகிறவர் ஊக்குநராக இருக்கக் கூடாது, வாரத்துக்கு ஒருவர். அப்புறம் அன்றைய சேமிப்பு, வந்த அசல், வந்த வட்டி, கொடுத்த கடன், மிச்ச இருப்பு என்று சத்தமாக வாசிப்போம். எங்களில் மூத்தவர் ஒரு அம்மா, எழுதப் படிக்கத் தெரியாது. “போன வாரம் இருப்பு இவ்வளவு சொன்னீங்க, இவ கட்டினதைச் சேர்த்தா இன்னும் முந்நூறு வரணுமே” என்று அவர்தான் முதலில் கேட்பார். முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். படித்த பெண் எழுதினால் போதும், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இருக்கிற குழுக்களில்தான் பிற்பாடு சண்டை வருகிறது.

மதுரை மாவட்டம் புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை அம்மாவை நிறையப் பேருக்குத் தெரியும். கூலி வேலைக்குப் போனவர், பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டி எழுப்பினார். ஸ்திரீ சக்தி விருதை அவருக்குக் கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. “எங்களுக்குப் படிப்பில்லை, கணக்கெல்லாம் நீங்களே பார்த்துக்குங்க” என்று சொல்லும் பெண்களிடம் நான் எப்போதும் அவரைப் பற்றித்தான் பேசுவேன். வீட்டுச் செலவைப் பைசா பிசகாமல் மனதிலேயே ஓட்டுகிறவர்களுக்குக் குழுக் கணக்கு கஷ்டமே இல்லை. காதில் விழுகிற மாதிரி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. வங்கிக் கணக்கின் எஸ்எம்எஸ் ஒரே ஒரு போனுக்குத்தான் வரும். அது பெரும்பாலும் ஊக்குநரின் போன். பல வீடுகளில் அந்தப் போன் கணவர் சட்டைப் பையில் இருக்கிறது. பணம் வந்ததும் போனதும் மற்ற பதினோரு பேருக்குத் தெரியாது. நாங்கள் மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் பதிவு போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்குக் கூட்டத்தில் காட்டுகிறோம். ஊக்குநர் பொறுப்பையும் கையெழுத்துப் போடுகிறவர்களையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நல்ல ஊக்குநராக இருந்தாலும் மாற்றுங்கள். அவர் நல்லவர் என்பதால் மற்றவர்கள் வங்கிக்கு எப்படிப் போவது என்றே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

உள்கடன் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பிள்ளை ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, அடகு நகையை மீட்பது என்று பெண்கள் வாங்கும் கடனை அதிகாரிகள் சிலர் ‘செலவுக் கடன்’ என்று குறைத்துப் பேசுவார்கள். தொழிலுக்கு வாங்கினால்தான் முன்னேற்றமாம். கம்மலை அடகில் முழுகவிடாமல் மீட்ட பெண்தான் அடுத்த வருடம் தைரியமாகத் தொழிலுக்கு வருகிறாள். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிற வீட்டிலிருந்து யாரும் வியாபாரத்துக்குக் கிளம்ப முடியாது. ஆரம்பத்தில் எங்கள் குழுவில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி வைத்தோம். வருடத்துக்கு 24 சதவீதம், கேட்க அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்டி வெளியே போகவில்லை, எங்கள் பொதுப் பணமாகத் திரும்பி வந்தது. பணம் சேர்ந்ததும் ஒரு ரூபாயாகக் குறைத்தோம்.

வீட்டு வாசலில் பெண்களைக் கூட்டி வைத்து வாரம் வாரம் வசூலிக்கிற மைக்ரோபைனான்ஸ் கடனையும் எங்கள் பக்கம் ‘குழு லோன்’ என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தால் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. அங்கே உங்கள் சேமிப்பு கிடையாது, உங்கள் தீர்மானம் கிடையாது, வட்டியும் உங்களிடம் திரும்பி வராது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு முன் போய் உட்கார வேண்டும். வருடத்துக்கு 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டுகிற மாதத் தவணை, வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022இலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. இரண்டும் இருப்பது பெண்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் கூட்டத்தில் புதுக் கடன் கேட்பவரிடம், வெளியே எத்தனை இடத்தில் தவணை கட்டுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். மறைக்கத்தான் பார்ப்பார்கள். திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

வங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால், தர மதிப்பீடு செய்து கடனுக்குப் போகலாம். எங்களுக்குக் கடன் கொடுத்த ஒரு கிளையில், கடன் முடிகிற வரைக்கும் சேமிப்புக் கணக்கில் கை வைக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் டெபாசிட்டும் போடுங்கள் என்றார்கள். 10 லட்சம் வரைக்குமான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி, குழுத் தீர்மானத்தோடு சேர்த்து, மகளிர் திட்ட அலுவலகத்தின் வழியாகக் கடிதமாகக் கொடுத்தோம். வாய்ச் சண்டை போடவில்லை. கணக்கு திறந்துவிடப்பட்டது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு 3 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம்தான் என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி புளி. தொழில் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது மெழுகுவத்தி, பினாயில், சாம்பிராணி என்று பயிற்சியில் காட்டியதையெல்லாம் சிலர் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்ததும், ஊரிலேயே விளைவதும், பெண்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற வேலையும் புளிதான் என்று கடைசியில் அதற்கே வந்தோம். யார் மரத்துப் புளி சதை அதிகம், எந்தப் புளி நாராக இருக்கும், எது சீக்கிரம் கறுத்துவிடும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற பெண்கள் இருக்கும்போது மெழுகுவத்தி எதற்கு?

வாங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் கிராம சேவை மையக் கட்டடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஓட்டோடு இருக்கிற புளியை எடைபோட்டால், அதில் சதை சுமார் 55 சதவீதம், கொட்டை 34 சதவீதம், ஓடும் நாரும் 11 சதவீதம். இது புத்தகத்திலும் இருக்கிறது, எங்கள் தராசிலும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. சாக்பீஸால் தரையில் எழுதினோம். விலை வருடா வருடம் மாறும். போடுகிற முறை தெரிவதற்காக முழு எண்ணாகச் சொல்கிறேன். ஓட்டுப்புளி 100 கிலோ, கிலோ 40 ரூபாய் என்றால் வாங்கிய விலை 4,000. கொட்டை எடுத்த புளி 55 கிலோ, கிலோ 110 வீதம் 6,050. கொட்டையும் வீணில்லை, துணி ஆலைகளின் கஞ்சிக்கு அரைக்கிற மாவுக்கு வாங்கிக்கொள்வார்கள், 34 கிலோ, 10 ரூபாய் வீதம் 340. ஆக வரவு 6,390. கழித்தால் 2,390 ரூபாய் லாபம். எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. இரண்டு டன் வாங்கலாம், மூன்று டன் வாங்கலாம் என்று பேச்சு போனது.

அப்போது அந்த மூத்த அம்மா கேட்டார்: “தட்டுறது யாரு?”

“நாமதாம்மா.”

“கூலி?”

“நம்ம வேலைக்கு நாமே கூலி எடுத்துக்கறதாம்மா? லாபம் வந்தா பிரிச்சுக்கப் போறோம்.”

“வியாபாரிக்குத் தட்டினா கிலோவுக்குக் காசு குடுக்கறான். நமக்கு நாம தட்டினா சும்மாவா? நான் நாலு மூட்டை தட்டுவேன், இவ இடுப்பு வலின்னு ஒரு மூட்டை தட்டுவா. லாபம் மட்டும் சமமா?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் திரும்பவும் சாக்பீஸை எடுத்தோம். 55 கிலோவுக்குத் தட்டுக்கூலி கிலோ 15 ரூபாய் வீதம் 825. சலித்து, எடைபோட்டு, பொட்டலம் கட்டி, லேபிள் ஒட்ட 275. வண்டி வாடகை 300. சாக்கு, தார்ப்பாய், இடம் 150. காய்ந்து எடை குறைவது 3 கிலோ என்று வைத்தால் 330. வாங்கப் போட்ட 4,000 ரூபாய் நான்கு மாதம் முடங்கினால் குழு வட்டியே 160. எல்லாம் போக மிச்சம் 350 ரூபாய்.

2,390 எங்கே, 350 எங்கே! ஆனால் அந்த 350தான் நிஜமான லாபம். முதல் எண்ணில் இருந்தது பெரும்பாலும் எங்கள் முதுகும் விரலும். மகளிர் குழுத் தொழில்களைப் பற்றி நான் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயமே இதுதான். ஊறுகாய், மசாலாப் பொடி, தையல், காளான் எதுவாக இருந்தாலும் பெண்கள் தங்கள் உழைப்பைச் செலவுப் பக்கம் எழுதுவதே இல்லை. வீட்டில் சமைப்பதற்குக் கணக்கு கிடையாது என்று பழகியதால் இங்கேயும் எழுத மனம் வருவதில்லை. விலை குறைத்து விற்கிறார்கள், சரக்கு போகிறது, வெற்றி என்று போட்டோவும் எடுக்கிறார்கள். இரண்டாவது வருடம் இரண்டு பேர் வரமாட்டார்கள், மூன்றாவது வருடம் மெஷின் மூலையில் கிடக்கும். அவர்களுக்குப் பொறுப்பில்லை என்று பேசுவார்கள். கூலி இல்லாத வேலைக்கு எத்தனை நாள் ஒரு பெண் வருவாள்?

மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கியதுதான் இன்றைய லிஜ்ஜத். அங்கே அப்பளம் தேய்க்கிற ஒவ்வொரு பெண்ணும் அமைப்பின் உறுப்பினர்தான், ஆனாலும் தேய்த்த கிலோவுக்குக் கூலி தனியாக உண்டு. லாபப் பங்கு அதற்கப்புறம். இத்தனை வருடமாக அது நிற்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்குத் தீர்மானம் போட்டோம். தட்டுக்கூலி வாரம் வாரம் எடைக்குத் தக்கபடி கையில் கொடுத்துவிட வேண்டும். ஊர் வியாபாரி கொடுக்கிற கூலியைவிட ஒரு ரூபாயாவது கூட இருக்க வேண்டும். வங்கிக்குப் போய் வருகிற நாளுக்கும், சந்தைக்குப் போகிற நாளுக்கும் கூலியும் பஸ் காசும் உண்டு. லாபத்தில் ஒரு பங்கு அடுத்த பருவத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும், மீதியைத்தான் பிரிக்க வேண்டும். கூலி எவ்வளவு வைப்பது என்று யோசிக்கும்போது நூறு நாள் வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். உங்கள் தொழிலில் ஒரு பெண் முழு நாள் உட்கார்ந்தும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், அந்தப் பொருளின் விலையையோ வேலை செய்கிற முறையையோ மாற்றியாக வேண்டும்.

இன்னொன்று, குழுவில் எல்லோரும் தொழிலுக்கு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எங்களிடம் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கு மாடு இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, சிலருக்கு விருப்பமே இல்லை. பக்கத்துக் குழுக்களில் ஆர்வமுள்ளவர்களையும் சேர்த்து உற்பத்தியாளர் குழுவாக்கித் தனி வங்கிக் கணக்கு திறந்தோம். சேமிப்புப் பணமும் புளிப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால், புளி விலை சரிந்த வருடம் சேமிப்பை மட்டுமே நம்பியிருக்கிற பெண்ணின் பணமும் சேர்ந்து போய்விடும்.

பக்கத்துக் குழுக்களைச் சேர்த்ததில் வேறு ஒன்றும் நடந்தது. எங்கள் ஊர்களில் குழுக்கள் தெரு வாரியாக அமைந்தவை. தெரு என்றால் சாதி. ஊர்த் தெருக் குழு தனி, காலனிக் குழு தனி. கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒன்றாக உட்கார்வோம், டீ வாங்கும்போது பிரிந்துவிடுவோம். புளி தட்டப் பொதுக் கட்டடத்தில் ஒரே பாயில் மாதக்கணக்கில் உட்கார்ந்தபோது, சோற்றுத் தூக்கு திறக்கிற நேரத்தில் ஆரம்பத்தில் இருந்த தயக்கம் போகப் போகக் குறைந்தது. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். திருவிழாவில் இன்றைக்கும் பழைய கோடு பழைய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் காலனிப் பெண் ஒருவர்தான் இப்போது எங்கள் உற்பத்தியாளர் குழுவின் தலைவர். கொள்முதல் விலையை அவர்தான் பேசி முடிக்கிறார், ஊர்த் தெரு விவசாயிகளும் அவரிடம்தான் பேசியாக வேண்டும். தொழிலில் கிடைத்த மற்ற எதையும்விட இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. மரத்தடியில் தார்ப்பாய் விரித்து உலுக்குங்கள், மண் ஒட்டினால் அப்புறம் என்ன செய்தாலும் போகாது. ஓட்டோடு நன்றாகக் காய்ந்த பிறகு தட்டினால் ஓடு தானாகக் கழன்றுவிடும். ஈரத்தில் தட்டினால் சதையோடு ஒட்டும். கொட்டை எடுக்கும்போது நசுக்காமல், இதழ் விரிந்த மாதிரி எடுத்தால் அது பூப்புளி, அதற்கு விலை கூட. எல்லோருக்கும் அந்தக் கை வராது. வருகிறவர்களுக்குத் தனிக் கூலி வையுங்கள். நாள் முழுக்கப் புளியைத் தொட்டால் விரல் நுனி வெந்து தோல் உரியும், சின்னக் கீறல் இருந்தாலும் தீயாய் எரியும். முந்தின இரவே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம். ரப்பர் உறை கொடுத்துப் பார்த்தோம், கொட்டை பிடிபடவில்லை என்று கழற்றிவிட்டார்கள். இரண்டு நாள் தட்டல், ஒரு நாள் எடைபோட்டுக் கட்டுகிற வேலை என்று மாற்றி மாற்றி வைத்ததில் கை கொஞ்சம் பிழைத்தது. சேமித்து வைக்கும் புளி நாளாக ஆகக் கறுக்கும். நிறம் போகாமல் இருக்கக் குளிர்பதனக் கிடங்குதான் வழி, ஆனால் வாடகையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொஞ்சமாக இருந்தால் கல் உப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைக்கிற பழைய முறையே போதும்.

உரிமம், பதிவு என்றாலே பெண்கள் பயப்படுகிறார்கள். இதற்குப் புரோக்கர் தேவையே இல்லை. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் காசே இல்லை. பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர், எடை, அதிகபட்ச விலை, கட்டிய தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். தராசின் முத்திரையைப் புதுப்பித்து வையுங்கள். காய்ந்த புளிக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டியை 2019இலேயே எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் வரியைக் காட்டி விலையைக் குறைத்தால் இதைச் சொல்லுங்கள். உணவுப் பொருள் செய்யும் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி தருகிற மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் 2020இல் தொடங்கப்பட்டது. அது கூட்டமைப்பு வழியாகத்தான் வரும். உறுப்பினருக்குக் கடனாகத்தான் வரும், திருப்பிக் கட்ட வேண்டும். இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விற்பனையில் எங்களை அதிகம் வாட்டியது கடன் சரக்கு. “வெச்சிட்டுப் போங்கம்மா, வித்ததும் தரேன்” என்பார்கள். அடுத்த தடவை போனால் முதலாளி இல்லை, அதற்கடுத்த தடவை பாதிதான் விற்றது. பெண்கள் கேட்டால் சத்தம் போடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்போது எங்கள் விதி, பழைய பணம் வந்தால்தான் புதிய மூட்டை. சில கடைகள் போய்விட்டன, போகட்டும். மாவட்டத்தில் மகளிர் குழுப் பொருள்களுக்காக நடக்கும் மதி கண்காட்சி, கல்லூரிச் சந்தை எல்லாம் நல்ல இடங்கள். கையில் காசு வரும், மக்கள் நேரில் குறை சொல்வார்கள். அரைக் கிலோப் பொட்டலம்தான் போகும் என்று நினைத்திருந்தோம், கல்லூரி ஆசிரியைகள் கால் கிலோ கேட்டார்கள். ஆனால் கண்காட்சியை மட்டும் நம்பித் தொழில் நடத்த முடியாது. மாதா மாதம் வாங்குகிற மெஸ், சின்ன ஹோட்டல், கேட்டரிங் ஆட்கள் நான்கைந்து பேர் இருந்தால்தான் வண்டி ஓடும். அவர்களுக்கு அழகான பொட்டலம் வேண்டாம், கல்லும் கொட்டையும் இல்லாத புளி வேண்டும், வருடம் முழுக்க வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது. கூட்டம், வங்கி, பயிற்சி, சந்தை என்று பெண்ணின் நாள் நீள்கிறது. வீட்டு வேலை ஒன்றும் குறைவதில்லை. காலை நான்கு மணிக்கு எழுந்தவள் மூன்று மணிக்கு எழ வேண்டியதாகிறது. பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. நாங்கள் கூட்ட நேரத்தை மாற்றினோம், கூட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறோம். யார் விழா நடத்தினாலும் குழுப் பெண்களை வண்டியில் ஏற்றிப் போய் நாற்காலியை நிரப்புகிற வழக்கத்துக்கு, வேலை இருக்கிறது வரமுடியாது என்று தீர்மானம் எழுதியே பதில் சொல்கிறோம். வீட்டு ஆண்களிடம் பெரிய மாற்றம் வந்தது, வாரக் கூலி கையில் வரத் தொடங்கிய பிறகுதான். வருடக் கடைசியில் வரும் லாபத்தைவிட, சனிக்கிழமை தவறாமல் வருகிற கூலிக்கு வீட்டில் மரியாதை அதிகம். சைக்கிளில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிற கணவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

இந்த வருடம் ஊராட்சிப் பொது இடத்துப் புளியமரங்களின் ஏலத்தில் கூட்டமைப்பின் பெயரில் கலந்துகொள்வது என்று முடிவாகியிருக்கிறது. இதுவரை வியாபாரிகள் மட்டும் எடுத்த ஏலம். முன்வைப்புத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். மரம் மரமாகப் போய்க் காய்ப்பைப் பார்த்து, உலுக்குகிறவர்களின் கூலி, காவல், வண்டி, தட்டுக்கூலி எல்லாம் போட்டு, எவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார்கள். மூன்றில் குறைந்ததை எடுத்துக்கொண்டோம். ஏலம் அதற்கு மேல் போனால் எழுந்து வந்துவிடுவது, விவசாயிகளிடமே ஓட்டுப்புளியாக வாங்கிக்கொள்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.